சி டிரைவ் சிவப்பாகிவிட்டதா? படம் போட்டுப் பார்த்து இடத்தை மீட்கும் வழிமுறை

இடம் இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னதும் பலருடைய கை நேராக டெலீட் பட்டனுக்குப் போகிறது. கடலூர் லாரன்ஸ் ரோட்டு ஜெராக்ஸ் கடையானாலும் புதுச்சேரி மிஷன் வீதி ஸ்டுடியோவானாலும் இதே கதைதான். பெயர் புரியாத ஃபோல்டரெல்லாம் குப்பை என்று நினைத்து அழிப்பார்கள். மறுநாள் டேலி திறக்காது, அல்லது போன மாதக் கல்யாண ஆல்பம் காணாமல் போயிருக்கும். முதலில், எந்த ஃபைல் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கட்டம் கட்டமாகக் காட்டும் படத்தைப் போட்டுப் பாருங்கள். எது இடத்தை அடைக்கிறது என்பது தெரிந்த பிறகு அழிப்பது ஐந்து நிமிட வேலை.

## கை வைக்கும் முன்

விண்டோஸுக்கு இரண்டு கருவிகள் போதும். விஸ்ட்ரீ, என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் ஃபார்மட்) டிரைவில் உள்ள ஃபைல் அட்டவணையை நேரடியாகப் படிக்கிறது. எஸ்எஸ்டியில் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். சொந்த உபயோகத்துக்கு இலவசம், கடைக்கும் அலுவலகத்துக்கும் உரிமம் வாங்க வேண்டும். வின்டிர்ஸ்டாட் திறமூல மென்பொருள், கடையிலும் காசில்லாமல் பயன்படுத்தலாம். ஆனால் 2007-இல் வந்த அதன் 1.1.2 பதிப்பை இன்னும் பலர் பென் டிரைவில் வைத்துச் சுற்றுகிறார்கள். அது ஆமை வேகம். இரண்டாம் பதிப்பை எடுங்கள்.

சி டிரைவில் சில எம்பிதான் மிச்சம் என்றால் அதிலேயே இன்ஸ்டால் செய்யாதீர்கள். வேறு கம்ப்யூட்டரில் விஸ்ட்ரீயின், இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் போர்ட்டபிள் பதிப்பை இறக்கி, பென் டிரைவிலிருந்தே ஓட்டுங்கள்.

1. கருவியின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுங்கள். இதை விட்டுவிட்டால் கீழே சொல்லும் எதுவும் சரியாக வராது.
2. சி டிரைவைத் தேர்ந்து ஸ்கேன் செய்யுங்கள்.
3. ஒரு தாளில் மூன்று எண்களைக் குறியுங்கள்: டிரைவின் பிராப்பர்ட்டீஸில் தெரியும் மொத்தக் கொள்ளளவு, ‘யூஸ்டு’ அளவு, கருவி காட்டும் கூட்டுத்தொகை.

படத்தில் ஒவ்வொரு கட்டமும் ஒரு ஃபைல். கட்டம் எவ்வளவு பெரிதோ ஃபைல் அவ்வளவு பெரிது; நிறம் ஃபைல் வகையைக் காட்டும். கட்டத்தின் மேல் கிளிக் செய்தால் அது இருக்கும் இடம் பட்டியலில் தெரியும். இந்தப் படமுறை பிறந்ததே டிஸ்க் நிரம்பிய எரிச்சலில்தான். 1990-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 14 பேர் பங்குபோட்டுக்கொண்ட 80 எம்பி டிஸ்க் ஓயாமல் நிரம்பியதால், யார் அடைக்கிறார்கள் என்று பார்க்க பென் ஷ்னைடர்மேன் உருவாக்கியது.

500 ஜிபி என்று வாங்கிய டிஸ்க் 465 என்று காட்டுவது கோளாறு அல்ல. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. 256 ஜிபி என்றால் 238, 512 என்றால் 476, 1 டிபி என்றால் 931. அந்தக் கணக்குக்காகக் கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம்.

குறித்த எண்களில் கடைசி இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போனால் முதல் அறிகுறிக்குப் போங்கள். கருவியின் எண் குறைவு என்றால் இரண்டாவது. அதிகம் என்றால் மூன்றாவது.

## அறிகுறி 1: எண்கள் ஒத்துப்போகின்றன, ஆனால் டிரைவ் நிரம்பியிருக்கிறது

இது எளிய வகை. அடைப்பவர் படத்திலேயே இருக்கிறார். பெரிய கட்டத்திலிருந்து தொடங்குங்கள்; சின்னச் சின்ன ஃபைல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் 2 ஜிபி தேறாது.

### பெரிய கட்டம் ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் இருந்தால்

டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், ரீசைக்கிள் பின் மூன்றையும் முதலில் பாருங்கள். டெஸ்க்டாப்பில் வைத்த ஃபைலும் சி டிரைவில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. வீடியோக்களை டி டிரைவுக்கு மாற்றினாலே பெரும்பாலும் மூச்சு வந்துவிடும்.

அடுத்தது வாட்ஸ்அப். ஃபிளெக்ஸ், டிடிபி கடைகளில் வாடிக்கையாளர் அனுப்பும் படங்களெல்லாம் இதற்குள்தான் சேர்கின்றன. ஆப்டேட்டா, லோக்கல், பேக்கேஜஸ் என்று உள்ளே போனால் வாட்ஸ்அப் பெயர் கொண்ட ஃபோல்டர் பெரிய கட்டமாக நிற்கும். அந்த ஃபோல்டரை அப்படியே அழிக்காதீர்கள். வேண்டிய டிசைன்களை டி டிரைவில் சேமித்துக்கொண்டு, வாட்ஸ்அப்புக்குள்ளேயே தேவையில்லாத வீடியோக்களை நீக்குங்கள். பிறகு அதன் செட்டிங்ஸில் ஆட்டோ டவுன்லோடில் வீடியோவை அணைத்துவிடுங்கள். டெலிகிராமுக்கு வழி சுலபம்: செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, மேனேஜ் லோக்கல் ஸ்டோரேஜ் என்று போய் மொத்தத்தையும் துடைக்கலாம். செய்திகள் அவர்கள் சர்வரில் இருப்பதால் எதுவும் போகாது. ஆனால் டவுன்லோட்ஸுக்குள் ‘டெலிகிராம் டெஸ்க்டாப்’ என்று தனியாக ஒரு ஃபோல்டர் இருக்கும். இந்தத் துடைப்பு அதைத் தொடாது, அதைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

கூகுள் டிரைவ் போட்டிருந்தால் ஆப்டேட்டாவில் ‘டிரைவ்எஃப்எஸ்’ என்று ஒரு ஃபோல்டர் வீங்கியிருக்கும். இதையும் கையால் அழிக்கக் கூடாது. இன்னும் மேலே ஏறாத ஃபைல் அதற்குள் காத்துக்கொண்டிருக்கலாம். டிரைவ் செயலியின் செட்டிங்ஸில் கேஷ், அதாவது தற்காலிக நகல்கள், இருக்கும் இடத்தை டி டிரைவுக்கு மாற்றுவதே சரி.

ஐபோனைக் கம்ப்யூட்டரில் பேக்கப் எடுக்கும் பழக்கம் இருந்தால் ‘மொபைல்சிங்க்’ என்ற ஃபோல்டர் பத்துக் கணக்கில் ஜிபியை விழுங்கியிருக்கும். பழைய போனின் பேக்கப்பை ஐட்யூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் செயலிக்குள்ளிருந்து நீக்குங்கள்.

### ஸ்டுடியோ கம்ப்யூட்டர் என்றால்

4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, நான்கு மணி நேரம் என்றால் 360 ஜிபி. ஆவணி முகூர்த்தம் இரண்டு அடுத்தடுத்து வந்தால் 512 ஜிபி எஸ்எஸ்டி தாங்காது. இதில் பிழை நீக்க ஒன்றுமில்லை, தனி டிஸ்க்தான் வேண்டும்.

ஆனால் மூலக் காட்சிகளை டி டிரைவில் வைத்த பிறகும் சி நிரம்புகிறது என்றால் குற்றவாளி எடிட்டிங் கேஷ். பிரீமியரில் பிரெஃபரன்சஸ் திறந்து, ‘மீடியா கேஷ்’ பகுதிக்குப் போய் டெலீட் கொடுங்கள். அதே இடத்தில் கேஷ் இருக்கும் ஃபோல்டரையும் வேறு டிரைவுக்கு மாற்றுங்கள். பிராஜெக்ட் போகாது. அடுத்த முறை திறக்கும்போது மறுபடி உருவாக்கிக்கொள்ளும், கொஞ்ச நேரம் பிடிக்கும். டாவின்சியில் ‘கேஷ்கிளிப்’ என்ற ஃபோல்டரும் இதே வகை. லைட்ரூமில் ‘பிரிவ்யூஸ்’ என்று முடியும் எல்ஆர்டேட்டா ஃபோல்டரை அழிக்கலாம், பக்கத்தில் இருக்கும் எல்ஆர்கேட் ஃபைலைத் தொடவே கூடாது. செய்த திருத்தங்கள் அந்த ஃபைலில்தான் இருக்கின்றன.

### ஸ்கேனிங், இ-சேவை வேலை என்றால்

ஏ4 தாளை 300 டிபிஐயில் கலராக ஸ்கேன் செய்து பிட்மேப்பாகச் சேமித்தால் ஒரு பக்கம் 26 எம்பி. நூறு பக்கத்துக்கு 2.6 ஜிபி. அதையே ஜேபெக்காகச் சேமித்தால் ஒரு பக்கம் ஒன்றிரண்டு எம்பிக்குள் முடியும். படத்தில் ஒரே நிறத்தில், ஒரே அளவில் வரிசையாகக் கட்டங்கள் தெரிந்தால் ஸ்கேனர் செட்டிங்கைப் பாருங்கள், பிட்மேப் அல்லது டிஃப் என்று இருக்கும்.

வாடிக்கையாளரின் ஆதார், ரேஷன் கார்டு பிடிஎஃப்கள் படத்தில் தூசி மாதிரிதான் தெரியும், இடம் அடைக்காது. இருந்தாலும் அன்றாடம் கடை அடைக்கும் முன் அவற்றை அழித்துவிடுங்கள். ஊரார் ஆதார் நகல் உங்கள் டவுன்லோட்ஸில் தூங்கக் கூடாது.

### வெறும் எண் பெயரோடு ஃபோல்டர்கள் தெரிந்தால்

10000, 10001, 100000 என்ற மாதிரிப் பெயர்கள். நிறுத்துங்கள். டேலி ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கையும் இப்படித்தான் சேமிக்கிறது. குப்பை என்று நினைத்து அழித்தால் ஒரு கம்பெனியின் பல வருடக் கணக்கு ஒரே கிளிக்கில் போய்விடும். இடம் வேண்டுமென்றால் பழைய பேக்கப் ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்து, அங்கே ஒரு முறை ரீஸ்டோர் செய்து திறந்து பார்த்த பிறகே இங்கே நீக்குங்கள்.

### பெரிய கட்டம் விண்டோஸுடையது என்றால்

ஹைபர்ஃபில் என்ற ஒற்றைக் கட்டம்: ரேமில் சுமார் 40 சதவீதம் இருக்கும். 16 ஜிபி ரேம் என்றால் ஆறரை ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் ஹைபர்நேட்டை, அதாவது திறந்திருப்பதை டிஸ்க்கில் எழுதிவைத்து அணையும் வசதியை, பெரும்பாலும் யாரும் பயன்படுத்துவதில்லை. சிஎம்டியை (கட்டளை அடிக்கும் கருப்புத் திரை) அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி மூன்று எழுத்தையும் ஒட்டி அடியுங்கள். ஒரு இடைவெளி விட்டு சாய்கோடும் ஹெச்சும், மறுபடி இடைவெளி விட்டு ஆஃப். எண்டர் தட்டியதும் ஃபைல் மறைந்துவிடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் கூடவே போகும் என்பதால் சாதாரண ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டர் சற்று மெதுவாகத் திறக்கும். லேப்டாப்பில் இதைச் செய்யாமல் விடுவதே நல்லது.

பேஜ்ஃபைல் என்ற கட்டத்தை விட்டுவிடுங்கள். அதை அணைத்தால் ரேம் தீரும்போது புரோகிராம்கள் பட்டென்று மூடிக்கொள்ளும்.

விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டர் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு வரும். பத்து நாளில் தானே போய்விடும். அவசரம் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய் நீக்கலாம். பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது, அவ்வளவுதான். அதே பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒரு வரி இருக்கும். டிக் விழுந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். குப்பை துடைக்கப் போய் மொத்த டவுன்லோட்ஸையும் இழந்தவர்கள் நிறைய.

மெமரி.டிஎம்பி என்ற ஃபைல் நீலத்திரை வந்ததற்கான தடயம். அழிக்கலாம். வாராவாரம் புதிதாக முளைத்தால் அது இடப் பிரச்சினை அல்ல, பெரும்பாலும் ரேமோ டிரைவர் மென்பொருளோ பழுது.

வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரைக் கையால் அழித்தால் விண்டோஸே திறக்காது. டிஸ்க் கிளீனப்பில் ‘கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ கொடுத்து, விண்டோஸ் அப்டேட் கிளீனப்பை டிக் செய்யுங்கள். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பில் எத்தனை முறை துடைத்தாலும் 8.63 ஜிபி மிச்சமிருப்பதாகக் காட்டிய ஒரு பிழை உண்டு. எண் மட்டும்தான் தவறு, இடம் உண்மையிலேயே விடுபட்டிருக்கும்.

இவ்வளவும் செய்து டிரைவில் 10 முதல் 20 சதவீதம் காலியாகவில்லை என்றால் 128 ஜிபி எஸ்எஸ்டியோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. பெரிய எஸ்எஸ்டிக்கு குளோன் செய்ய, அதாவது அப்படியே நகலெடுக்க, கடைக்குக் கொடுங்கள். குளோன் செய்து திறந்து பார்க்கும்வரை பழைய எஸ்எஸ்டியைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

## அறிகுறி 2: கருவி காட்டும் கூட்டுத்தொகை குறைவு, இடம் எங்கோ மறைந்திருக்கிறது

யூஸ்டு 220 ஜிபி, கருவியில் 150 ஜிபி. மீதி 70 எங்கே?

முதலில் பார்க்க வேண்டியது அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினீர்களா என்பது. இல்லையென்றால் மூடிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கம்ப்யூட்டரில் வேறு யூசர்கள் இருந்தால் அவர்களுடைய ஃபோல்டர்கள் இப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். வேலையை விட்டுப்போனவரின் பெயரில் 40 ஜிபி கிடப்பது அலுவலகங்களில் சகஜம். அவருடைய ரீசைக்கிள் பின்னும் தனி; உங்களுடையதைக் காலி செய்தால் அது காலியாகாது.

அடுத்து ரீஸ்டோர் பாயின்ட்கள், அதாவது கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் எடுத்துவைக்கும் நகல்கள். ஸ்டார்ட்டில் ‘கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்’ என்று தேடித் திறந்து, சி டிரைவைத் தேர்ந்து, கான்ஃபிகர் கொடுங்கள். ‘கரன்ட் யூசேஜ்’ எவ்வளவு என்று அங்கே தெரியும். பெரிதாக இருந்தால் ஸ்லைடரை 5 சதவீதத்துக்கு இறக்குங்கள். அடியோடு அணைக்க வேண்டாம். ஒரு டிரைவர் கெட்டுப்போன நாளில் அது கைகொடுக்கும்.

இரண்டும் சரியென்றால் ஃபைல் சிஸ்டத்திலேயே கணக்கு பிசகியிருக்கலாம். கரண்ட் பட்டென்று போய்ப் போய் வரும் இடங்களில் இது அடிக்கடி நேரும். 2011 டிசம்பர் 30-இல் கரையைக் கடந்த தானே புயலும் 2024 நவம்பர் 30-இல் வந்த ஃபெஞ்சலும் இந்தக் கரையோரத்தில் கரண்டை என்ன பாடு படுத்தின என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. யுபிஎஸ் பேட்டரி செத்துப்போன கம்ப்யூட்டர் அப்படி அணைந்தெழுந்தால் இதைச் செய்யுங்கள்:

1. முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். இது முதலில், பிறகுதான் மற்றது.
2. சி டிரைவில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக்.
3. ரீஸ்டார்ட் கேட்டால் கொடுங்கள். பெரிய ஹார்ட் டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஓடலாம். நடுவில் அணைக்காதீர்கள்.
4. மறுபடி படம் போடுங்கள். ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டர் புதிதாக முளைத்திருந்தால் அதற்குள் இருப்பவை உடைந்த ஃபைல்களின் துண்டுகள். காணாமல் போனது ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகு அழிக்கலாம்.

ஒரே வாரத்தில் இரண்டாம் முறையும் பிழை காட்டினால் டிஸ்க்கே போகப்போகிறது. அறிகுறி 7-க்குத் தாவுங்கள்.

சில ஜிபி மட்டும் இடித்தால் கவலை வேண்டாம். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து சுமார் 7 ஜிபி வரை அப்டேட்டுக்காகவே விண்டோஸ் ஒதுக்கி வைத்துக்கொள்கிறது.

## அறிகுறி 3: கூட்டுத்தொகை டிரைவைவிடப் பெரிது

256 ஜிபி எஸ்எஸ்டியில் 400 ஜிபி இருப்பதாகக் காட்டினால் கருவி கெடவில்லை. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் உள்ள ஃபைல்கள் பெயரளவில் மட்டும் இங்கே இருக்கின்றன, உடல் இணையத்தில் இருக்கிறது. பட்டியலில் ‘சைஸ்’ நெடுவரிசையை விட்டு ‘அலகேட்டட்’ நெடுவரிசையைப் பாருங்கள். அதுதான் டிஸ்க்கில் உண்மையாக அடைத்த இடம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒன்டிரைவ் ஃபோல்டரில் ஃபைலை டெலீட் செய்தால் இணையத்திலும் போகும், உங்கள் போனிலும் போகும், இன்னொரு கிளையில் உள்ள கம்ப்யூட்டரிலும் போகும். இடம் மட்டும் வேண்டுமென்றால் ரைட் கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுங்கள்.

ஜி டிரைவ் என்று கூகுள் தானாக உருவாக்கும் டிரைவை ஸ்கேன் செய்து பார்ப்பதில் பொருளில்லை. அது உண்மையான டிஸ்க்கே அல்ல.

## அறிகுறி 4: அழித்தேன், ஆனால் இடம் கூடவில்லை

ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தீர்களா? பதில் ‘இல்லை’ என்றே பெரும்பாலும் வரும். காலி செய்யும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். எஸ்எஸ்டியில் காலி செய்த பிறகு மீட்பு மென்பொருள்களால் ஏறக்குறைய ஒன்றும் செய்ய முடியாது. அழிந்த இடத்தை எஸ்எஸ்டி தானே துடைத்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்த அந்தச் சலுகை இதில் இல்லை.

காலி செய்தும் கூடவில்லை என்றால் அந்த ஃபைலை ஏதோ ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கிறது. ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ‘ஷட் டவுன்’ போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் அது முழுதாக அணைவதில்லை.

மேக்கில் இதே அறிகுறி வந்தால் மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்கள் (அந்தந்த நேர நிலையின் நகல்கள்) அழித்த ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கும். பேக்கப் டிஸ்க்கை மாட்டிவிட்டு ஒரு நாள் பொறுங்கள், பெரும்பாலும் தானே விடுபடும். மேக்கில் படம் போட கிராண்ட்பெர்ஸ்பெக்டிவ் போதும்.

## அறிகுறி 5: காலையில் 20 ஜிபி இருந்தது, மாலையில் 12

இதைத்தான் பலரும் வைரஸ் என்கிறார்கள். வைரஸாக இருப்பது அபூர்வம். தானாக எழுதிக்கொண்டே இருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது.

விஸ்ட்ரீயில் ‘ஃபைல் வியூ’ தாவலைத் திறந்தால் மிகப் பெரிய ஆயிரம் ஃபைல்கள் வரிசையாக வரும். ‘மாடிஃபைடு’ தலைப்பைக் கிளிக் செய்து இன்றைய தேதியை மேலே கொண்டுவாருங்கள். பட்டியலை எக்ஸ்போர்ட் செய்து வைத்து நாளை இதே நேரத்தில் இன்னொரு முறை எடுத்து ஒப்பிட்டால் வளர்வது எது என்று அப்பட்டமாகத் தெரியும்.

வளர்வது வீடியோ ஃபைல் என்றால் சிசிடிவி மென்பொருள். எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்ற எல்லையைக் குறையுங்கள், சேமிக்கும் இடத்தை சியிலிருந்து நகர்த்துங்கள்.

பேக்கப் மென்பொருள் தினமும் முழு நகல் எடுத்துப் பழையதை அழிக்காமல் விட்டிருக்கலாம். கடைசி ஐந்து நகல் போதும் என்று அதிலேயே வரம்பு வையுங்கள். அதே டிஸ்க்கில் எடுக்கும் பேக்கப், பேக்கப்பே அல்ல என்பதையும் கையோடு சரிசெய்துகொள்ளுங்கள்.

பிரின்டிங் கடைகளில் சிஸ்டம்32-க்குள் ‘ஸ்பூல்’, அதற்குள் ‘பிரின்டர்ஸ்’ என்ற ஃபோல்டர் வீங்குவது வழக்கம். பிரின்டர் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு தாவலில் ‘கீப் பிரின்டட் டாக்குமென்ட்ஸ்’ டிக் ஆகியிருந்தால் அடித்து முடித்த ஒவ்வொரு வேலையும் அங்கேயே தங்கிவிடும். டிக்கை எடுங்கள். சர்வீசஸில் பிரின்ட் ஸ்பூலரை நிறுத்தி, ஃபோல்டருக்குள் இருப்பதை அழித்து, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வரிசையில் நிற்கும் வேலைகளும் போய்விடும் என்பதால் கூட்டம் இல்லாத நேரத்தில் செய்யுங்கள்.

விண்டோஸின் டெம்ப் ஃபோல்டரில் ‘கேப்’ என்று தொடங்கும் ஃபைல்கள் குவிந்தால், லாக்ஸ் ஃபோல்டரில் உள்ள சிபிஎஸ் லாக் (விண்டோஸ் அப்டேட் வேலைகளின் பதிவேடு) அளவு மீறி, அதைச் சுருக்க முயன்று முயன்று விண்டோஸ் தோற்கிறது என்று பொருள். பழைய கம்ப்யூட்டர்களில்தான் இது அதிகம். சர்வீசஸில் விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலரை நிறுத்தி, பழைய சிபிஎஸ் லாக்குகளையும் அந்த கேப் ஃபைல்களையும் சேர்த்தே அழியுங்கள். கேப் ஃபைல்களை மட்டும் அழித்தால் மறுபடி குவியும்.

வளர்வது டேட்டாபேஸ் ஃபைல் என்றால், அதாவது பில்லிங் மென்பொருளுக்கோ மருத்துவமனை மென்பொருளுக்கோ பின்னால் ஓடும் சர்வரின் லாக் என்றால், கை வைக்காதீர்கள். அந்த மென்பொருளைப் போட்டவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 6: பென் டிரைவ் தகராறு

காலி என்று காட்டுகிறது, ஆனால் 14 ஜிபி அடைத்திருக்கிறது. ஷார்ட்கட் வைரஸ் உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டது. ஃபார்மட் செய்யாதீர்கள். வின்டிர்ஸ்டாட்டில் படம் போட்டால் மறைந்த ஃபைல்களும் தெரியும். அவற்றை ஆன்டிவைரஸ் உள்ள கம்ப்யூட்டருக்கு நகலெடுத்து, சோதித்த பிறகு பென் டிரைவை ஃபார்மட் செய்யலாம்.

2 ஜிபி ஃபைல்களைப் போட்டேன், 12 ஜிபி போய்விட்டது. எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவை ஃபார்மட் செய்தால் இடம் ஒதுக்கும் மிகச் சிறிய அலகான கிளஸ்டரின் அளவு 128 கேபி. ஒரு கேபி ஃபைலும் 128 கேபியை அடைக்கும். ஒரு லட்சம் குட்டி ஃபைல் என்றால் 12 ஜிபிக்கு மேல். ஜிப் செய்து ஒரே ஃபைலாகப் போடுங்கள், அல்லது என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்யுங்கள். அதில் கிளஸ்டர் 4 கேபிதான்.

இடம் இருக்கிறது, ஆனால் ஒரு வீடியோ மட்டும் ஏற மறுக்கிறது. பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருக்கிறது. அதில் 4 ஜிபி தாண்டிய ஒற்றை ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள்.

போட்டது எல்லாம் ஏறியது, திறந்தால் பாதி பழுது. 1 டிபி என்று மலிவாக வாங்கிய போலி. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் கொண்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பார்த்தால் உண்மை அளவு வெளிவரும். இதற்கு மருந்து இல்லை.

## அறிகுறி 7: ஸ்கேன் ஒரே இடத்தில் நிற்கிறது, அல்லது டிஸ்க் ‘டிக் டிக்’ என்கிறது

இடப் பிரச்சினை இத்தோடு முடிந்தது. இனி இது உயிர்ப் பிரச்சினை. ஸ்கேனை உடனே நிறுத்துங்கள். கருவி டிஸ்க்கைப் படிக்கும்போது சாகும் டிஸ்க் இன்னும் வேகமாகச் சாகும். செக் டிஸ்க்கும் ஓட்டாதீர்கள்.

சத்தம் இல்லையென்றால் மட்டும் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ திறந்து, பழுதான பகுதிகளை எண்ணும் மூன்று வரிகளைப் பாருங்கள்: 05, சி5, சி6. ‘ரா’ மதிப்பு மூன்றிலும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 அல்லது சி6 பூஜ்யமில்லை என்றால் மிக முக்கியமான ஃபோல்டரை மட்டும் முதலில் நகலெடுத்து, டிஸ்க்கை மாற்றுங்கள். 05 மட்டும் சிறிய எண்ணில் நின்று வாரக்கணக்கில் ஏறாமல் இருந்தால் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் ஒரே நகலை அதில் வைக்காதீர்கள்.

டெஸ்க்டாப் என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். கடற்கரையோர உப்புக்காற்றில் பித்தளை கறுப்பது போலவே கேபிள் முனைகளும் கெடுகின்றன. புது கேபிளுக்கு ஆகும் செலவு சொற்பம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி7 எண் மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான்.

டிக் டிக் சத்தம் வந்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டுபோங்கள். தூசியில்லாத அறை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். மேசை மேல் ஃபேனுக்கடியில் டிஸ்க்கின் மூடியைத் திறப்பவரிடம் கொடுக்காதீர்கள், அதன் பிறகு யாராலும் மீட்க முடியாது.

வெள்ளத்தில் மூழ்கிய டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுத்துப் பார்க்கவே கூடாது. வெயிலில் காயவைப்பதும் அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம். உப்பும் சேறும் காய்ந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள்.

## லினக்ஸ் கம்ப்யூட்டர் என்றால்

உபுண்டுவில் ‘டிஸ்க் யூசேஜ் அனலைசர்’ என்ற பெயரில் பயோபாப் கிடைக்கும். கேடிஇ என்றால் ஃபைல்லைட். இரண்டும் வட்ட வளையமாகப் படம் போடும், நடுவிலிருந்து வெளியே போகப் போக உள் ஃபோல்டர்கள். சாதாரண யூசராக ஓட்டினால் ரூட்டுக்கு, அதாவது லினக்ஸின் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு, சொந்தமானவை கணக்கில் வராது, அறிகுறி 2 அப்படியே இங்கும் வரும். லினக்ஸின் வழக்கமான ஃபார்மட்டான ஈஎக்ஸ்டி4 டிஸ்க்கில் 5 சதவீதம் ரூட்டுக்கென்றே ஒதுக்கப்படுகிறது. 500 ஜிபியில் 25 ஜிபி காணவில்லை என்றால் அது அதுதான். வார் ஃபோல்டருக்குள் லாக், அதற்குள் ஜர்னல் பெருத்திருந்தால் அளவு வரம்பு வையுங்கள். டாக்கர் போட்டிருந்தால் ‘ஓவர்லே2’ என்ற வளையம் பெரிதாகத் தெரியும். அதைக் கையால் அழிக்காமல் டாக்கரின் சொந்தத் துப்புரவுக் கட்டளையையே பயன்படுத்துங்கள்.